போடாக்ஸ் ஊசி: முடிவெடுப்பதிலிருந்து அடுத்த தவணை வரை

"அது விஷமாச்சே?" போடாக்ஸ் என்ற பேச்சை எடுத்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி இது. ஆமாம், விஷம்தான். கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் இந்த நச்சு, மனிதர்கள் அறிந்த நச்சுகளிலேயே மிகக் கடுமையானது. சரியாகப் பதப்படுத்தாமல் அடைத்து வைத்த உணவு வழியாக உடலுக்குள் போனால், மூச்சுவிட உதவும் தசைகளையே முடக்கிவிடும். அந்த நச்சையே சுத்திகரித்து, நானோகிராம் கணக்கில் அளந்து, தளர்த்த வேண்டிய தசையில் மட்டும் செலுத்துகிறார்கள். அந்த மருந்தின் ஒரு கம்பெனிப் பெயர்தான் போடாக்ஸ்.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு எண்களைப் பாருங்கள். புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளுக்குப் போடப்படும் போடாக்ஸ் 20 யூனிட். யூனிட் என்பது மருந்தின் வீரியத்தை அளக்கும் கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு, குரங்குகளில் நடந்த ஆய்வுகளை வைத்துப் போட்ட கணக்கின்படி, ஏறக்குறைய 2,500 முதல் 3,000 யூனிட். நடுவில் இருக்கும் தூரம் பெரியது. ஆனால் குப்பியின் மேல் எழுதியிருப்பதுதான் குப்பிக்குள்ளும் இருக்கிறது என்றால் மட்டுமே அந்தத் தூரம் நம்மைக் காப்பாற்றும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் அழகைவிடக் குப்பியைப் பற்றியும், ஊசி போடும் கையைப் பற்றியும் அதிகம் பேசப்போகிறேன்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

தசை சுருங்க வேண்டுமானால் நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியே வர வேண்டும். அது நரம்பு முனைக்குள் சின்னச் சின்னப் பைகளில் காத்திருக்கும். பை நரம்பின் சவ்வோடு ஒட்டித் திறந்துகொள்ள ஸ்நாப்-25 என்ற புரதம் தேவை. ஏ வகை போட்டுலினம் நச்சு உள்ளே நுழைந்து இந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. பை திறப்பதில்லை, மூளையின் கட்டளை தசைக்குப் போய்ச் சேர்வதில்லை, தசை தளர்ந்துவிடுகிறது. வியர்வைச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பியும் இதே வேதிப்பொருளை நம்பித்தான் வேலை செய்கின்றன. சுருக்கத்துக்குப் போடும் மருந்து அதிக வியர்வைக்கும் உதவுவது இதனால்தான்.

முகத்தில் போட்ட ஊசி இரண்டு முதல் நான்கு நாட்களில் வேலையைத் தொடங்கும். இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று, நான்கு மாதங்களில் நரம்பு முனை தன்னைச் சீர்செய்துகொள்ள, தசை பழையபடி அசையத் தொடங்கும்.

இதில் ஒன்றை மறக்கவே கூடாது. நரம்புக்குள் போய்விட்ட நச்சைத் திரும்ப எடுக்க முடியாது. ஃபில்லர் என்பது வேறு பொருள். பள்ளத்தை நிரப்பப் போடுவது அது. ஹயலூரானிக் அமில ஃபில்லராக இருந்தால் அதைக் கரைக்க ஒரு நொதி இருக்கிறது. போடாக்ஸுக்கு அப்படி எதுவும் இல்லை. குறைவாகப் போட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், கூடிப்போனால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. முதல் தடவை போட்டுக்கொள்பவர்கள் குறைந்த அளவிலேயே தொடங்குவது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முதல் படி: எதற்காக என்று தெளிவாகுங்கள்

இது அழகுக்காக வந்த மருந்து இல்லை. 1970களில் அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணை அறுவை சிகிச்சை இல்லாமல் சரிசெய்ய முடியுமா என்று தேடியபோதுதான் இந்த நச்சைக் கையில் எடுத்தார். 1989ல் மாறுகண்ணுக்கும், கண் இமைகள் தாமாகவே இறுகி மூடிக்கொள்ளும் இமை இசிப்பு நோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில், இமை இசிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவ நடுக் கோடுகள் மறைவதைக் கவனித்தவர்கள் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸும் அவருடைய கணவரான தோல் மருத்துவர் அலஸ்டேர் கரூதர்ஸும். அழகுக்கான அனுமதி அமெரிக்காவில் வந்தது 2002ல்தான்.

மருத்துவப் பயன்களைப் பற்றி நம்மிடையே பேச்சு குறைவு. எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது. இமை இசிப்பு வந்தவர் கண் நன்றாக இருந்தும் பார்க்க முடியாமல் தவிப்பார், சாலையைக் கடக்கவே பயப்படுவார். கழுத்துத் தசைகள் முறுக்கிக்கொண்டு தலை ஒரு பக்கமாகவே திரும்பிக்கொள்ளும் நோய் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு கை மடங்கி விரல்கள் உள்ளங்கையில் புதைந்துபோவது உண்டு. பெருமூளை வாதமுள்ள குழந்தைகள் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமல் விரல்நுனியில் நடப்பார்கள். இவர்களுக்கெல்லாம் இந்த ஊசி இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால் இறுக்கம் தளரும் அந்தச் சில மாதங்களுக்குள் பிசியோதெரபி நடக்க வேண்டும். ஊசியை மட்டும் போட்டுவிட்டுப் பயிற்சியை விட்டால் கிடைத்த வாய்ப்பு வீணாகிவிடும்.

ஒற்றைத் தலைவலிக்கு எல்லோருக்கும் இதைப் போடுவதில்லை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருக்கும் நாட்பட்ட வகைக்கே அனுமதி. நெற்றி, நெற்றியோரப் பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என்று 31 இடங்களில், இடத்துக்கு 5 யூனிட் வீதம், மொத்தம் 155 யூனிட். 12 வாரத்துக்கு ஒருமுறை. மாதத்தில் நாலைந்து நாள் தலைவலி வருபவருக்கு இது ஏற்ற சிகிச்சை இல்லை.

அக்குள் வியர்வைக்கு ஒரு பக்கத்துக்கு 50 யூனிட். பலன் பெரும்பாலும் ஆறு மாதம் அல்லது அதற்கு மேலும் நிற்கும். சட்டை நனைவதற்கு வெட்கப்பட்டுக் கூட்டத்தையே தவிர்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அடக்க முடியாமல் அடிக்கடி சிறுநீர் வருவதற்கு, மாத்திரை பலிக்காதபோது, சிறுநீர்ப்பையின் சுவரில் 100 யூனிட் போடுகிறார்கள். இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. 100 பேரில் 6 பேர் அளவுக்குச் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் சில காலம் குழாய் வைத்து எடுக்க வேண்டிவரலாம். அதற்கு மனம் ஒப்பினால்தான் இந்தச் சிகிச்சைக்குப் போக வேண்டும். ஓயாமல் எச்சில் வடிவதற்கும் இந்த ஊசி உண்டு.

அழகுக்காக என்றால், கண்ணாடி முன்னால் நின்று ஒரு சோதனை செய்து பாருங்கள். புருவத்தை நெரிக்கும்போது மட்டும் கோடு விழுகிறதா? அப்படியென்றால் இந்த ஊசி நன்றாக வேலை செய்யும். முகம் ஓய்வாக இருக்கும்போதும் கோடு ஆழமாக நிற்கிறதா? அது கொஞ்சம் மெலியும், முழுதாகப் போகாது. தொங்கும் தோல், வெயிலில் கருத்த நிறம், கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளம் இவற்றுக்கெல்லாம் இது மருந்தே இல்லை. புருவ நடு, கண்ணோரம், நெற்றி ஆகிய மூன்றும் நீண்ட காலமாக ஆராயப்பட்ட இடங்கள். தாடை ஒடுங்குவதற்காக மெல்லும் தசையில் போடுவது பரவலாக நடக்கிறது. ஆனால் மெல்லும் பலம் குறையலாம், சிரிப்பு கோணலாகலாம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் ஒரு மருத்துவர் அதைச் செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: உங்களுக்கு இது ஏற்றதா

மயஸ்தீனியா கிராவிஸ், லாம்பர்ட்-ஈட்டன், ஏ.எல்.எஸ். போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்களுக்குச் சின்ன அளவுகூடப் பெரிய பலவீனத்தைக் கொண்டுவரலாம். அழகுக்காக என்றால் அவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஏற்கெனவே விழுங்கச் சிரமமோ மூச்சுத் தொந்தரவோ உள்ளவர்கள் கழுத்தில் போடுவதற்கு முன் கூடுதலாக யோசிக்க வேண்டும். ஊசி போடும் இடத்தில் புண்ணோ சீழோ இருந்தால் அன்று போடக் கூடாது. சிறுநீர்ப்பையில் போடுவதென்றால் சிறுநீர்த் தொற்று இருக்கக் கூடாது.

கர்ப்ப காலத்தில் சுருக்கத்துக்காக ஊசி போடத் தேவையே இல்லை. தள்ளிப்போடுங்கள். பாலூட்டும்போதும் அப்படியே. 18 வயதுக்குக் கீழே அழகுக்காக அனுமதி இல்லை.

சாப்பிடும் மருந்துகளை எழுதிக்கொண்டு போங்கள். ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஆன்டிபயாடிக்குகளும், தசையைத் தளர்த்தும் மருந்துகளும் நச்சின் வேலையைக் கூட்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை ரத்தக்கட்டு வரும் வாய்ப்பைக் கூட்டும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்காகச் சாப்பிடும் மாத்திரையை நெற்றிக் கோட்டுக்காக நிறுத்துவது பெரும் தவறு. பசும்பால் புரத ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள், இதே நச்சில் வேறு கம்பெனி தயாரிக்கும் டிஸ்போர்ட்டில் மிகச் சிறிதளவு அது இருக்கலாம்.

அப்புறம், ஏற்கெனவே வேறு இடத்தில் இந்த ஊசி போட்டிருந்தால் அதைச் சொல்லாமல் இருக்கவே கூடாது. எல்லாச் சிகிச்சைக்கும் சேர்த்துப் பெரியவர்களுக்கு மூன்று மாதத்தில் 400 யூனிட்டுக்கு மேல் போடாக்ஸ் போகக் கூடாது என்பது வழிகாட்டு வரம்பு. தலைவலிக்காக ஒரு மருத்துவரும், முகத்துக்காக இன்னொருவரும், வியர்வைக்காக மூன்றாமவரும் தனித்தனியே போட்டால் கணக்கைக் கூட்டிப் பார்க்க உங்களைத் தவிர ஆளில்லை.

மூன்றாம் படி: யார் கையில்

முகத்தில் தசைகள் விரல் அகலத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. புருவத்தைக் கீழே இழுக்கும் தசையில் போட வேண்டியது, சற்றுக் கீழே இறங்கி இமையைத் தூக்கும் தசையை எட்டிவிட்டால், இமை பாதி மூடிக்கொண்டு தொங்கும். புருவ நடுக் கோடுகளுக்கான ஆய்வுகளில் 100க்கு 3 பேருக்கு இப்படி நடந்திருக்கிறது. அதைத் தவிர்க்கத்தான் புருவ எலும்பின் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டராவது மேலே குத்த வேண்டும் என்ற விதி இருக்கிறது. நெற்றித் தசை ஒன்றுதான் புருவத்தை மேலே தூக்குகிறது. வயதால் இமை கனத்துப்போய், நெற்றியைச் சுருக்கியே கண்ணைத் திறந்து பழகியவருக்கு நெற்றி முழுக்கப் போட்டுவிட்டால் புருவம் கண்மேல் இறங்கிவிடும். கை பழகியவர் உங்களைப் பேசவிட்டு, சிரிக்கவிட்டு, நெரிக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் ஊசியை எடுப்பார். முகத்தையே பார்க்காமல் விலையை மட்டும் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அழகுக்கு என்றால் தோல் மருத்துவர், முக அழகுச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜன் அல்லது கண் மருத்துவர். தலைவலிக்கும் தசை இறுக்கத்துக்கும் நரம்பியல் மருத்துவர், சிறுநீர்ப்பைக்குச் சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்). அழகு நிலையத்திலோ, வீட்டு விருந்திலோ, ஓட்டல் அறையிலோ வேண்டவே வேண்டாம். ஏதாவது கோளாறு வந்தால் மறுநாள் அவரை எங்கே போய்த் தேடுவீர்கள்?

நான்காம் படி: குப்பியைப் பாருங்கள்

கூச்சப்படாமல் கேட்க வேண்டிய இடம் இது. குப்பியை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், தயாரிப்பு எண், காலாவதித் தேதி மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கலக்கும் முன் பெரும்பாலான வகைகள் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். தூளைச் சலைனில் கலந்தபின் போடாக்ஸை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

எத்தனை எம்.எல். என்று கேட்காதீர்கள், எத்தனை யூனிட் என்று கேளுங்கள். 100 யூனிட் குப்பியில் இரண்டரை எம்.எல். சலைன் ஊற்றினால் 0.1 எம்.எல்.லில் 4 யூனிட் இருக்கும். அதிலேயே இரட்டிப்பாக ஊற்றினால் 2 யூனிட்தான். சிரிஞ்சு நிறைந்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு கம்பெனியின் யூனிட் இன்னொரு கம்பெனியின் யூனிட்டுக்குச் சமமும் இல்லை. புருவ நடுவுக்குப் போடாக்ஸும், ஜியோமின் என்ற இன்னொரு கம்பெனி மருந்தும் 20 யூனிட் என்றால் டிஸ்போர்ட் 50 யூனிட். மருந்தை மாற்றும்போது இந்தக் கணக்கு தவறினால் பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2004ல் அமெரிக்காவின் புளோரிடாவில், மனிதர்களுக்குப் போடவே அனுமதி இல்லாத ஆய்வகத் தர நச்சைப் போட்டுக்கொண்ட நால்வர் உடல் முடங்கி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஊசி போட்ட மருத்துவரும் அந்த நால்வரில் ஒருவர். 2023ல் எடை குறைப்பதற்காக இஸ்தான்புல்லில் இரைப்பையில் இந்த நச்சைப் போட்டுக்கொண்டு, ஊர் திரும்பியபின், இந்த நச்சு உடலெங்கும் பரவித் தசைகளை முடக்கும் போட்டுலிச நோயில் விழுந்தவர்கள் ஐரோப்பாவின் பல நாடுகளில் இருந்தார்கள். 2024ல் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பேர், போலி மருந்தாலோ முறையற்ற இடங்களில் போட்ட ஊசியாலோ பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரித்தது. சந்தை விலையைவிட ரொம்பக் குறைவாக ஒருவர் கொடுக்கிறார் என்றால், குறைந்திருப்பது விலை மட்டுமில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஊசி போடும் நாள்

முன்னும் பின்னும் ஒப்பிட முகத்தை ஓய்வாகவும் நெரித்தும் போட்டோ எடுப்பார்கள். மேக்கப்பைத் துடைத்துச் சுத்தம் செய்து, குத்தும் இடங்களைக் குறிப்பார்கள். புருவ நடுவில் ஐந்து இடம், இடத்துக்கு 4 யூனிட். ஊசி மெல்லியது, எறும்பு கடித்தாற்போல இருக்கும். ஐஸ் வைத்தால் போதும், மயக்க மருந்து வேண்டாம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அக்குளுக்கு என்றால் முதலில் அயோடினும் ஸ்டார்ச்சும் தடவி வியர்க்கும் பரப்பைக் கண்டுபிடித்த பிறகு பத்துப் பதினைந்து இடங்களில் போடுவார்கள். கை, கால் தசைகளில் போடும்போது ஸ்கேன் அல்லது தசை மின்னோட்டக் கருவியின் துணையோடு சரியான தசையைத் தேடுவது நல்ல முறை.

ஆறாம் படி: அன்றும் அடுத்த இரண்டு வாரமும்

முகத்தில் போட்டபின் நான்கு மணி நேரம் படுக்க வேண்டாம், குனிந்து செய்யும் வேலை வேண்டாம் என்பார்கள். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஃபேஷியல், மசாஜ், கடும் உடற்பயிற்சி, நீராவிக் குளியல் இவற்றை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். இவற்றில் சிலவற்றுக்கு ஆய்வு ஆதாரம் வலுவாக இல்லை. ஆனாலும் ஒரு நாள் பொறுத்துக்கொள்வதில் நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

குத்திய இடத்தில் சின்ன வீக்கம் சில மணி நேரத்தில் வடியும். ரத்தக்கட்டு ஒரு வாரத்தில் மறையும். ஓரிரு நாள் தலைவலி வரலாம், பாராசிட்டமால் போதும். தலைவலிக்காகப் போட்டுக்கொண்டவர்களுக்குக் கழுத்துவலி வருவது உண்டு.

மூன்றாம் நாள் கண்ணாடி பார்த்து, "ஒன்றும் ஆகவில்லையே, இன்னும் கொஞ்சம் போடுங்கள்" என்று போய் நிற்காதீர்கள். இரண்டு வாரம் முடிந்தபின்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு புருவ நுனி மட்டும் ஏறி நின்றால் ஒன்றிரண்டு யூனிட்டில் சரிசெய்யலாம். இமை இறங்கிவிட்டால் பயப்பட வேண்டாம், வாரக்கணக்கில் தானாக மேலே வரும். அதுவரை அப்ராக்ளோனிடின் சொட்டு மருந்து இமையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கும். அதை மருத்துவர் எழுதித்தான் போட வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்

நச்சு போட்ட இடத்தைத் தாண்டிப் பரவியதன் அறிகுறிகள் சில மணி நேரத்திலிருந்து சில வாரங்கள் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். பார்ப்பது இரண்டாகத் தெரிவது, இரண்டு இமைகளும் தொங்குவது, பேச்சு குழறுவது, குரல் மாறுவது, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் புரையேறுவது, உடல் முழுக்கச் சோர்வு, மூச்சு வாங்குவது. ஊசி போட்டவருக்குப் போன் செய்து காத்திருக்காமல் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் "போட்டுலினம் ஊசி போட்டிருக்கிறேன், இத்தனை நாளாகிறது" என்று சொல்லி, எடுத்து வைத்த குப்பியின் போட்டோவைக் காட்டுங்கள். நச்சு முறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் நச்சைத்தான் பிடிக்கும், நரம்புக்குள் போனதை அதனால் எடுக்க முடியாது. அதனால் சீக்கிரம் போய்ச் சேர்வது முக்கியம். முறையான மருந்து சரியான அளவில் முகத்தில் போட்டால் இந்த நிலை வருவது மிக அரிது. என்றாலும் இந்தப் பத்தியை வீட்டில் இன்னொருவரும் படித்து வைத்திருக்கட்டும்.

அடுத்த தவணை

பொதுவாக 12 வாரத்துக்கு முன் மறுபடி போடக் கூடாது. அடிக்கடி, அதிக அளவில் போட்டால் உடல் இந்த நச்சுக்கு எதிரான புரதங்களை உண்டாக்கிவிடலாம், அப்புறம் மருந்து பலிக்காது. சுருக்கத்துக்காகப் போடுபவருக்கு அது பெரிய இழப்பு இல்லை. நாளைக்குப் பக்கவாதமோ கழுத்து இசிப்போ வந்தால் கைகொடுக்க வேண்டிய மருந்து பலிக்காமல் போவது பெரிய இழப்பு.

தலைவலிக்காகப் போடுபவர்கள் நாட்குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த நாள் வலி வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன மாத்திரை போட்டீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். முதல் தவணையிலேயே கைவிட வேண்டாம். இரண்டு மூன்று தவணைக்குப் பிறகும் வலி நாட்கள் குறையவில்லை என்றால் அந்த நோட்டோடு போய், வேறு வழி பார்க்கச் சொல்லுங்கள்.

அழகுக்காகப் போட்டவர் நிறுத்தினால் முகம் முன்பைவிட மோசமாகிவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி ஆவதில்லை. தசை மெல்ல மெல்லப் பழைய அசைவுக்குத் திரும்பும், கோடும் பழைய இடத்தில் வந்து நிற்கும்.